பிள்ளைகளை நினைத்து ஓர் ஒட்டுத்துணி விரிப்பு தைக்கிறோம், யோசனை சொல்லுங்கள்

பாகான் தையல்காரி எழுதியது:

வணக்கம். பட்டர்வொர்த்தில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். 31 வருடத் தொழில். இங்கே நீங்கள் எழுதுவதையெல்லாம் படிப்பதோடு சரி, கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடியிருப்புத் தாமானின் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் பெண்கள் பதினோரு பேர் கூடித் தைப்போம். அம்மனுக்குப் பாவாடை, திருவிழாவுக்குத் தோரணம், மீந்த துணியில் கால்மிதி, தலையணை உறை. போன மாதம் ஒரு நாள் வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்து நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா மஞ்சள் வாயில் துண்டு ஒன்றை எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. விரலில் சுற்றுகிறார், பிரிக்கிறார், மறுபடி சுற்றுகிறார். என்னக்கா என்றேன். "இதே கலர்லதான் அவனுக்குச் சட்டை தைச்சு வெச்சிருந்தேன்" என்றார்.

எந்த அவன்? அவருக்கு இரண்டு பெண்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியும். பத்து வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறோம்.

எட்டாம் மாதம் அசைவு நின்றுபோனதாம். 27 வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் துணியில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். இவருக்குக் காட்டவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டாராம். "பாக்கல. மறந்துட்டேனா?" என்று எங்களைக் கேட்டார். தைத்து வைத்த அந்தச் சட்டை தங்கை மகனுக்குப் போய்விட்டது.

அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வாய் திறந்தோம். அன்றைக்கு வந்திருந்த ஒன்பது பேரில், அந்த அக்காவையும் சேர்த்து நான்கு பேர். கருவிலேயே போனது இரண்டு. ஒன்பது வயதில் காய்ச்சலில் போன பையன் ஒருவன். நான்காவது நான்.

என் இரண்டாவது பெண் 19 நாள் இருந்தாள். பெயர் வைக்க நாள் குறித்திருந்தோம், அதற்குள் போய்விட்டாள். வீட்டில் குட்டிமா என்று கூப்பிட்டோம். பச்சைக் குழந்தை என்பதால் எரிக்காமல் புதைத்தார்கள். கருமாதி, பதினாறு எதுவும் கிடையாது. பச்சை உடம்பு என்று சொல்லி என்னை வாசலுக்குக்கூட விடவில்லை. அவள் தூங்கிய தூளி, ஸ்பிரிங்கில் மாட்டியது, என் அம்மாவின் நைலக்ஸ் சேலை. பச்சையில் பொடி வெள்ளைப் பூ. மறுநாள் எழுந்து பார்க்கிறேன், ஸ்பிரிங்கும் இல்லை, சேலையும் இல்லை. நான் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அம்மா தவறிய பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைக் காலி செய்தபோது, அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றி இருந்தது. சேலை முழுக்க வழவழவென்றுதான் இருக்கிறது. முடிச்சுப் போட்ட ஒரு முழம் மட்டும் நெளிநெளியாகச் சுருங்கி, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரிகிறது. ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக் கிட்டே கொண்டுபோனேன். அணைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூத்தவளைத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் கரும்புத் தொட்டிலில் சுமந்தோம். குட்டிமாவுக்கும் நேர்ந்திருந்தேன். அந்த நேர்த்திக்கடன் என்ன ஆகும் என்று இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம் என்று தைத்து, எல்லாவற்றையும் இணைத்து ஒரே விரிப்பாக்க நினைக்கிறோம். பேச்சு பரவி இப்போது 17 கட்டம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ரவிக்கை தெரியும், ஒட்டுத்துணி வேலை அவ்வளவாகத் தெரியாது. ஒருவர் பட்டுத் துண்டு தருகிறார், ஒருவர் பனியன் துணி, என்னுடையது நைலக்ஸ். இவை ஒன்றோடொன்று சேருமா? கட்டம் என்ன அளவு? ஒரு தாய் பிள்ளை போட்டிருந்த சட்டையைத் துவைக்காமல் வைத்திருக்கிறார். எண்ணெய்க் கறை இருக்கிறது. துவைக்கக் கூடாது என்கிறார், எனக்கும் துவைக்கச் சொல்ல மனம் வரவில்லை. பெயரே வைக்காத பிள்ளைக்கு என்ன தைப்பது? முடித்த பிறகு எங்கே வைப்பது? மண்டபத்தில் வைத்தால் தீட்டு என்று இரண்டு பெரியவர்கள் இப்போதே சொல்லிவிட்டார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

செந்தூல் ஊசிநூல்:

அக்கா, பதினைந்து வருடமாக ஒட்டுப்போர்வை தைக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கட்டம் முடிந்த பிறகு 12 அங்குலம் இருக்கட்டும். வெட்டும்போது பன்னிரண்டரை. சுற்றிலும் கால் அங்குலம்தான் தையலுக்கு. ரவிக்கைக்குத் தாராளமாக உள்ளே விட்டுப் பழகிய கை உங்களுடையது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். கால் அங்குலத்தில் நூலளவு கூடினாலும் கடைசி வரிசையில் மூலைகள் சேராது. ஒரே அட்டையில் அளவு வெட்டி எல்லாருக்கும் நீங்களே கொடுத்துவிடுங்கள். 20 கட்டம் என்றால் நாலுக்கு ஐந்து, அதாவது 4 அடிக்கு 5 அடி. சுவரில் தொங்கவிட நல்ல அளவு.

அளவுக்கே ஓர் அர்த்தம் இருக்க முடியும். அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு விரிப்பு தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடி துணி. ஓர் ஆளைப் புதைக்கும் குழியின் அளவு. எட்டுத் துணியை இணைத்தால் 12 அடிச் சதுரம். அந்த வருடம் அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன, இப்போது ஏறக்குறைய 50,000. தைத்தவர்களில் பெரும்பாலோர் தையல்காரர்கள் இல்லை. அம்மா, அண்ணன், கூட வாழ்ந்தவர். கோணல் தையலைப் பற்றி யாரும் அங்கே கவலைப்படவில்லை. உங்கள் பெண்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் தைக்கிற நேர்த்தியைப் பார்த்துப் பாதிப் பேர் ஊசியை உங்களிடமே கொடுத்துவிடுவார்கள்.

துணிகளை நேரடியாக ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே வெள்ளைக் காடாத் துணி அடிப்பாகம். துவைத்து, கஞ்சி போனபின் வெட்டுங்கள். பிள்ளையின் துணி அதன்மேல் உட்காரட்டும். இணைக்கும் தையல் எல்லாம் காடாவில்தான் விழும், பட்டும் நைலக்ஸும் இழுபடாது. பனியன் துணி நீளும், அதற்கு மட்டும் பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் வையுங்கள். நைலக்ஸுக்கு வேண்டாம், சூடு தாங்காது. உங்கள் தூளிச் சேலையில் அந்த முடிச்சுச் சுருக்கத்தை அப்படியே வையுங்கள் அக்கா. சுருக்கத்தின் பள்ளங்களில் மட்டும் மெல்லிய ஊசியால் அங்கங்கே ஒரு புள்ளித் தையல் பிடித்தால் போதும், அது படிந்துபோகாது.

துவைக்காத சட்டை: துவைக்க வேண்டாம். காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் ஃபிரீசரில் வையுங்கள், பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் போகட்டும், இல்லாவிட்டால் ஈரம் பூக்கும். அப்புறம் காடாவின்மேல் பரப்பி, மேலே மெல்லிய நைலான் வலைத்துணியைப் போர்த்தி, ஓரத்தைச் சுற்றி மட்டும் தையுங்கள். சட்டையில் ஓர் ஊசிகூட ஏறாது. நாளைக்கு அந்தத் தாய் திரும்பக் கேட்டால் வலையைப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

வைக்கும்போது மடிக்காதீர்கள். மடிப்பு விழுந்த இடத்தில்தான் துணி முதலில் கிழியும். துணிக்கடையில் காலி உருளை கேளுங்கள், அதில் வெள்ளைப் பருத்தி சுற்றி, விரிப்பைச் சுருட்டி, மேலே இன்னொரு பருத்தி. பிளாஸ்டிக் பை கூடாது, நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.

---

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர்:

தையல் எனக்குத் தெரியாது. சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

அர்ஜென்டினாவில் 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துக்கொண்டு போனது, பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். உடலும் திரும்பவில்லை, செய்தியும் இல்லை. 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு அம்மாக்கள் அதிபர் மாளிகை முன்னால் இருக்கும் சதுக்கத்தில் கூடினார்கள். அதே வருடம் ஒரு யாத்திரைக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ள, தங்கள் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையில் இடுப்பில் கட்டிய பழைய லம்பின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்கள். வெள்ளை முக்காடு அங்கிருந்துதான் வந்தது. பிற்பாடு பிள்ளையின் பெயரை அதில் நூலால் தைத்துக்கொண்டார்கள்.

வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன பிள்ளைகள் அவர்கள். ஆனாலும் அம்மாக்கள் எடுத்தது லம்பினைத்தான். துணியைக் கொண்டு வரக் கூச்சப்படும் பெண்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

---

கூலிம் தோட்டத்தான்:

தங்கச்சி, தீட்டு என்று சொல்லும் பெரியவர்களிடம் கன்னிப் பெட்டியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் அம்மாயி வீட்டில் சாமி மூலையில் ஓலைப்பெட்டி ஒன்று தொங்கும். பிள்ளைகள் தொடக் கூடாது. உள்ளே ஒரு சின்னப் பாவாடை சட்டை, வளையல், சீப்பு, கண்மை. அம்மாயிக்கு என் அம்மாவுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து ஆறு வயதில் போய்விட்டாள். தைப் பொங்கலுக்கு முன்னால் பெட்டியை இறக்கிப் பழைய பாவாடையை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார். பொங்கலும் வெற்றிலைபாக்கும் படைத்து, 'இந்த வருஷமும் வீட்டைப் பாத்துக்கோ தாயி' என்பார். அந்தப் பாவாடையை அம்மாயியே கையால் தைப்பார், கடையில் வாங்க மாட்டார். ஆறு வயது அளவுதான், ஒவ்வொரு வருடமும். 83 வயதில் கண் தெரியாமல் என் அம்மா ஊசி கோத்துக் கொடுக்கத் தைத்தது கடைசிப் பாவாடை. அது எங்களிடம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்களில் வீட்டுக் கன்னி என்று கும்பிடுவது இதைத்தான். அகாலமாகப் போன பெண்ணுக்குத் துணி எடுத்து வைத்து வீட்டுச் சாமி ஆக்கியவர்கள் நம் ஆட்கள். பூவாடைக்காரி, சீலைக்காரி என்று சாமிக்குப் பெயரே துணியை வைத்து வரும்போது, பிள்ளையின் துணியைத் தீட்டு என்று எப்படிச் சொல்வது? பல் முளைக்காத பிள்ளைக்குத் தீட்டு நாளும் குறைவு என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று. அம்மாயியின் பெட்டி எப்போதும் திறந்து கிடக்காது. வருடத்தில் ஒரு நாள்தான் இறங்கும். உங்கள் விரிப்பையும் மண்டபத்தில் நிரந்தரமாகத் தொங்கவிடாமல், ஒரு நாள் விரித்து, விளக்கேற்றி, மறுபடி சுருட்டி வைக்கலாம். பெரியவர்களுக்கும் ஒத்துக்கொள்ளச் சுலபமாக இருக்கும்.

நாங்கள் இருந்த தோட்டம் இப்போது வீட்டுமனை. லயத்துக்குப் பின்னால் பிள்ளைகளைப் புதைத்த மேடு எந்த வீட்டுக்கு அடியில் இருக்கிறதோ தெரியவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுத உட்கார்ந்தேன். அம்மாயி மகளுக்கு ஒரு கட்டம் கிடைக்குமா? கடைசிப் பாவாடையில் ஓரம் வெட்டித் தருகிறோம்.

---

ஜெலுத்தோங் மருமகள்:

அக்கா, எனக்கும் ஒரு கட்டம் வேண்டும், ஆனால் பெயர் வெளியே தெரியக் கூடாது. என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. மூன்றாம் மாதத்தில் போனது. மூன்றாம் மாதம்தானே என்பார்கள், அந்தப் பேச்சைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. பெயரை உள்பக்கம் தைக்க முடியுமா?

---

கிள்ளான் லாரிக்காரர்:

பெண்கள் பேசும் இடத்தில் நுழைந்ததற்கு மன்னிக்கவும். மனைவியின் கணக்கில் இருந்து எழுதுகிறேன்.

என் மகன் எட்டு வயதில் ஆற்றில் போய்விட்டான். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை இருக்கிறது. பையின்மேல் பெயர் ஏற்கெனவே தைத்திருக்கிறது, அவன் அம்மா தைத்தது. அவளால் இப்போது அதைத் தொட முடியவில்லை. நான் தைக்கலாமா? தார்ப்பாய் தைப்பேன், பெரிய ஊசி. சின்ன ஊசி பிடித்ததில்லை.

---

பாகான் தையல்காரி:

எல்லாருக்கும் கைகூப்பி நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது பதில் எழுத. வேலை நடக்கிறது.

முதலில் கிள்ளான் அண்ணனுக்கு. தாராளமாகத் தைக்கலாம். தார்ப்பாய் தைக்கிற கைக்கு ஓட்டுத் தையல் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், ஊசியை மட்டும் 7ஆம் நம்பருக்கு மாற்றிக்கொள்ளுங்கள், விரலுக்கு அங்குஸ்தான் போடுங்கள். சட்டையை வெட்ட வேண்டாம். பெயர் இருக்கும் பை வெளியே தெரியும்படி மடித்து, பன்னிரண்டு அங்குலத்துக்குள் அடக்கி, ஓரத்தை மட்டும் பிடித்தால் போதும். அட்டையும் காடாத் துணியும் தபாலில் அனுப்புகிறேன், முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள். அண்ணியை அவசரப்படுத்தாதீர்கள்.

ஜெலுத்தோங் தங்கச்சி, பெயரைக் காடாவில் தைத்துவிடு. மேலே உனக்குப் பிடித்த துணியை வைத்து மூடிவிடலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று நூலுக்குத்தான் தெரியும். நீ சொன்னதைக் கேட்டு எங்களிலும் இரண்டு பேர் அப்படியே செய்கிறார்கள்.

கூலிம் அண்ணே, அம்மாயி மகளுக்கு இரண்டாவது வரிசையில் இடம் வைத்திருக்கிறேன். கன்னிப் பெட்டியைப் பற்றிப் பெரியவர்களிடம் சொன்னேன். ஒருவர் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வருடம் ஒரு நாள் மண்டபத்தில் விரிக்கலாம், மற்ற நாள் என் வீட்டில் இருக்கட்டும் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. எனக்கு அதுவே நிம்மதி. உருளை வாங்கியாச்சு.

மஞ்சள் வாயில் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சட்டைதான் இல்லையே, புதுச் சட்டையாகத் தைக்கிறேன் என்றார். வெட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தால் ஒரு வயதுப் பிள்ளைக்குப் போடலாம். அக்கா இது பெரிசு என்றேன். "அப்ப எவ்வளவு இருந்திருப்பான்?" என்றார். நான் அளவு நாடாவை எடுத்தேன். பிறந்த பிள்ளைக்கு நெஞ்சுச் சுற்று ஏறக்குறைய 13 அங்குலம், எட்டு மாதம் என்றால் அதற்கும் குறைவாக இருக்கும். 12இல் நாடாவை வளைத்து வட்டமாக அவர் கையில் கொடுத்தேன். பிடித்துக்கொண்டே இருந்தார். "இவ்ளோதானா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் இருந்திருக்கான்" என்றார். அன்றைக்கு அவர் வேறு எதுவும் தைக்கவில்லை, நாங்களும் நாடாவைத் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த வாரம் வீட்டிலேயே வெட்டித் தைத்துக் கொண்டு வந்தார். பின்பக்கம் திறப்பு, கழுத்தில் நாடா முடிச்சு, கைக்குப் பொடி சங்கிலித் தையல். முழுச் சட்டையும் கட்டத்துக்குள் அடங்கிவிட்டது. பெயர் தைக்க வேண்டாமா என்றோம். 'தம்பி' என்று தைத்தார். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் அக்காமார் என்பதால்.

என்னுடையதில் குட்டிமா என்றே தைத்துவிட்டேன். செந்தூல் தங்கச்சி சொன்னபடி பள்ளங்களில் மட்டும் புள்ளித் தையல், சுருக்கம் அப்படியே நிற்கிறது. அந்த முடிச்சுக்கு இரண்டு பக்கமும் ஊதா நூலில் ஒவ்வொரு கரும்பு. கணுவுக்குக் கணு பச்சையில் ஒரு சுற்று. ஒரு கரும்பில் ஆறு கணு முடித்திருக்கிறேன், இன்னொன்றில் தோகை மட்டும் பாக்கி. நேற்று மூத்தவள் வந்து பார்த்தாள். அவளையும் இதே மாதிரிதான் சுமந்தோம் என்று சொன்னேன். தோகையை நான் தைக்கட்டுமா அம்மா என்றாள், ஊசியைக் கொடுத்துவிட்டேன்.

மொத்தம் 20 கட்டம் சேர்ந்துவிட்டது. இனி வருபவர்களும் கேளுங்கள், ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஆறாவது போட்டுக்கொள்ளலாம். காடா இன்னும் நாலு மீட்டர் இருக்கிறது.